பத்து எண்ணும்வரை

தடைக்காலம் தொடங்கி இருபத்து மூன்றாம் நாள்.
தங்கச்சிமடத்துக் கரையில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.
கித்தேரியான் கூடத்தில் நிற்கிறார்,
டிவிக்கு நேராக, காலை அகட்டி,
தளம் ஆடுகிற மாதிரி.

திரையில் அரைமணி நேரமாய் ஒரே வாசகம்:
ரிமோட்டைத் தேடுகிறோம்.
"கையிலதானடி இருக்கு" என்கிறார்
என்னிடம்.

வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்துப்
பத்து எண்ணச் சொல்கிறது அட்டைப் பெட்டி.
இவர் எண்ணுவது நங்கூரக் கயிறு ஓடும் வேகத்தில்;
ஆறு விநாடியிலேயே பத்து வந்துவிடும்.
நான் எண்ணினேன், பாலுக்குக் காவல் நிற்கிற நிதானத்தில்.
ஆரஞ்சு விளக்கு மினுக்கென்றது ஒரு தரம்.
அப்புறம் அதுவும் இல்லை.

பேட்டரிதான் என்றார்.
மூடியைத் தள்ளினால்
சுருள்கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு.
இந்த ஊரில் உப்பு எதைத்தான் விட்டது?
பூட்டு, தையல் மிஷின் ஊசி,
போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கேஸ் அடுப்பு.
ரெக்ஸலின் பென்சில் டப்பாவிலிருந்து
அழிரப்பரை எடுத்து நுனியால் தேய்த்தேன்,
ஊசிக் கணவாயைக் கழுவுகிற பொறுமையோடு.
சீனியப்பா கடையில் கடைசி ஜோடி பேட்டரி,
நாற்பது ரூபாய்.

டிவி அசையவில்லை.
குச்சியைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினார்.
வைஃபை பெட்டியைத் தூக்கி
மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார்,
பிறகு தப்போ என்று முன்னால் வைத்தார்.
ஜிபிஎஸ் செத்துப்போன ராத்திரியில்
பாம்பன் விளக்கை மட்டும் நம்பி வந்து சேர்ந்த மனுஷன்
முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"இதுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்?"
கேட்டபடியே அழுத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தல்.
"எவடி அது, பாத்துட்டிருக்கும்போது மாத்துறது?"

சந்தனமரி. கொழுந்தன் பெண்டாட்டி.
எங்கள் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று.
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை;
வலை வாங்கிய கணக்கில்
பதினோராயிரம் எந்தப் பக்கம் என்பதில் நின்றது.

இவர் மறுபடி அழுத்தினார்.
அங்கே ஒரு மாமியார் அழுகை பாதியில் அறுந்தது.
சத்தத்தைக் கூட்டினார்: சுவரே அலறியது.
குறைத்தார்: அடங்கியது.
இந்த இரண்டு வருஷத்தில்
அந்த வீடு இவர் சொல் கேட்டது இன்றைக்குத்தான்.
சிரிக்கக் கூடாது என்று இருந்தேன்.
முடியவில்லை.

பிறகு இரண்டு பேரும் ரெக்ஸலினைப் பார்த்தோம்.
அவள் கொடியில் காய்கிற துண்டைப் பார்த்தாள்.

"அங்க ரிமோட்டுல கரன்ட் வரலன்னு
நம்மத எடுத்துட்டுப் போனேன்.
வரும்போது மாறிருச்சு."
எத்தனை நாளாய் என்று கேட்டதற்கு
"டியூஷன் இல்லாத அன்னைக்கு மட்டும்" என்றாள்.
டியூஷன் வாரத்துக்கு ஒரு நாள்.

ஆக, அந்தப் பச்சை எங்களுடையது இல்லை.
முக்கால் மணி நேரம்
அவர்கள் வீட்டு உப்பை உட்கார்ந்து துடைத்திருக்கிறேன்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.
சோளகக் காற்றில் தகரம் படபடத்தது.
மதிலுக்கு மேல் கையை நீட்டினார், ஒன்றும் சொல்லாமல்.
கொஞ்ச நேரம் கழித்து
அந்தப் பக்கமிருந்தும் ஒரு கை வந்தது,
பெருவிரலில் வலை அறுத்த பழைய தழும்போடு.
இன்னாசியின் கை. அதில் எங்கள் ரிமோட்.

"பேட்டரி?" என்றது குரல்.
"புதுசு. கெடக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு.
மதிலில் இரண்டு கையும் தேவைக்கு மேல்
ஒரு விநாடி நின்றதுபோல் எனக்குத் தெரிந்தது;
இருட்டு, உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உள்ளே வந்து எங்கள் ரிமோட்டைத் திறந்தோம்.
சுருள்கம்பி சுத்தம். கூடு காலி.
பேட்டரியை மட்டும் பிள்ளைகள்
வேறு எதற்கோ உருவியிருக்கிறார்கள்.
சீனியப்பா கடை பூட்டியாகிவிட்டது.

சுவருக்கு அப்பால் மாமியார்
விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.
எங்கள் திரை தேடிக்கொண்டிருந்தது.